பாரம் இழுக்கும் வன்னிக்குச் ‘செயற்கை’ எண்ணெய் விற்பவர்கள்

வன்னியிலே பாரம் இழுத்துப் பிழைக்கும் வாகனங்களின் கியர்ப் பெட்டிக்கும் பின்னச்சுக்கும் எந்த எண்ணெயை ஊற்றுவது என்ற கேள்விக்கு இப்பொழுது இரண்டு பதில்கள்தாம் உரக்கக் கேட்கின்றன. ஒன்று விளம்பரத் தட்டியின் பதில்: ‘சிந்தெற்றிக்’ ஊற்றுங்கள், பிறகு மூடியைத் திறக்கவே வேண்டியதில்லை. மற்றது பழம்பெருமையின் பதில்: தடைக்காலத்தில் மண்ணெண்ணெயிலும் தேங்காயெண்ணெயிலும் வாகனம் ஓட்டிய சனத்துக்கு இதெல்லாம் எதற்கு, கிடைத்ததை ஊற்றி ஓட்டு. முதலாவது பதில் உழைப்பவனின் பணத்தைத் தின்கிறது. இரண்டாவது பதில் அவனுடைய வாகனத்தைத் தின்கிறது. இரண்டையும் மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏ-9 வீதியில் நெல்லும் மணலும் கல்லும் ஏற்றி ஓடும் லொறிக்கும், பழுதான வாகனங்களை இழுத்துச் செல்லும் லொறிக்கும், பெட்டி பூட்டி இழுக்கும் பிக்கப்புக்கும் செயற்கை எண்ணெய் பல வேளைகளில் நல்ல முதலீடுதான். அதே எண்ணெயை வயலில் இறங்கி உழுதுவிட்டு, மாலையில் நெல்மூடைப் பெட்டியை இழுத்துக்கொண்டு வீடு திரும்பும் உழவு இயந்திரத்துக்கு ஊற்றச் சொல்வது பெரும்பாலும் பகற்கொள்ளை. இரண்டையும் ஒரே தட்டியில், ஒரே வாசகத்தால், ஒரே கொமிஷனுக்காக விற்பதுதான் என் கோபத்துக்குக் காரணம்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். மசகு என்பது நம் வண்டிற்காரர் அறிந்த சொல். ஆமணக்கெண்ணெயில் வைக்கோற்கரியைக் குழைத்து வண்டில் அச்சுக்கு இட்ட கறுப்பு மையே மசகு. இலங்கைப் பத்திரிகைகளாகிய நாங்கள் அந்தச் சொல்லை எடுத்துக் கிணற்றிலிருந்து வரும் பண்படுத்தாத எண்ணெய்க்குச் சூட்டிவிட்டோம். ‘மசகு எண்ணெய் விலை உயர்வு’ என்று நாள்தோறும் அச்சிடுகிறோம். அச்சுக்கு இடும் எண்ணெய்க்கோ, ‘உராய்வுநீக்கி’ என்று அரசாங்கக் கடிதங்களில் மட்டும் உயிர்வாழும் ஒரு பெயரே மிஞ்சியிருக்கிறது. ஒரு பொருளுக்கு மக்கள் வாயில் சரியான பெயர் இல்லாத இடத்தில் விற்பவன் வைத்ததே பெயர். கராஜில் ‘கியர் ஒயில்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ வேறுபட்ட திரவங்கள் அடங்கிப்போவது இப்படித்தான்.

பாரம் இழுக்கும்போது வாகனத்தின் எந்த உறுப்பு அதிகம் துன்பப்படுகிறது? பலரும் இயந்திரம் என்பார்கள். இயந்திரத்துக்கு நீர்க்குளிர்த்தி இருக்கிறது, வெப்பமானி இருக்கிறது, எண்ணெய் அழுத்த விளக்கு இருக்கிறது. சில ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்ற வேண்டும் என்ற பழக்கமும் இருக்கிறது. பின்னச்சுக்கு இவற்றில் ஒன்றுமில்லை. அதற்குள்ளே பினியன் எனப்படும் சிறு பற்சில்லு, பெரிய வளையப் பற்சில்லின் நடுக்கோட்டுக்குக் கீழே தாழ்ந்து பொருந்தியிருக்கிறது. ‘ஹைப்போயிட்’ என்று அந்த அமைப்புக்குப் பெயர். அதன் பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருள்வதோடு நில்லாமல் வழுக்கவும் செய்கின்றன. இழுக்கும் பாரம் முழுவதும், விரல்நுனி அளவான அந்தத் தொடுபரப்புகளின் வழியேதான் சில்லுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே எண்ணெய்ப் படலம் கிழிந்தால் இரும்பு இரும்பைக் கடிக்கும். முணகல் வெளியே கேட்கும்போது காரியம் கைமீறியிருக்கும்.

அந்த இடத்தில் பல்லைக் காப்பது எது? விளம்பரம் சொல்லாத உண்மை இதுதான். கடும் அழுத்தத்தில் பற்சில்லைக் காப்பது, அடிப்படை எண்ணெய் செயற்கையா கனிமமா என்பதல்ல. அதில் கலக்கப்பட்ட கந்தக, பொசுபரசுச் சேர்மங்களே உலோகத்தின்மேல் தியாகப் படலம் ஒன்றை உண்டாக்கிப் பல்லைக் காக்கின்றன. அந்தச் சேர்மங்கள் சாதாரணக் கனிம எண்ணெயிலும் உண்டு, செயற்கை எண்ணெயிலும் உண்டு. கலனில் ஜீ.எல்.-5 என்று இருக்கிறதா, ஜீ.எல்.-4 என்று இருக்கிறதா என்பதே அவற்றின் வலிமையைச் சொல்லும். ஹைப்போயிட் அச்சுக்குரிய ஜீ.எல்.-5 கனிம எண்ணெய், அதற்குப் பொருந்தாத விலையுயர்ந்த செயற்கை எண்ணெயைவிட ஆயிரம் மடங்கு மேல். மறுபுறம், பித்தளை ஒத்திசைவு வளையங்களைக் கொண்ட பழைய கியர்ப் பெட்டிகள் பலவற்றுக்கு ஜீ.எல்.-4தான் விதிக்கப்பட்டிருக்கிறது. ‘பெரிய இலக்கம், நல்ல எண்ணெய்’ என்று நினைத்து அங்கே ஜீ.எல்.-5 ஊற்றினால், பல்லைக் காக்க வந்த சேர்மமே பித்தளையை அரிக்கக்கூடும். ஒரே வாகனம், இரண்டு பெட்டிகள், இரண்டு விதிகள். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘சிந்தெற்றிக்’ என்ற ஒற்றைச் சொல்லால் வாயடைப்பவன் எண்ணெய் விற்கவில்லை, மயக்கம் விற்கிறான்.

அந்தச் சொல்லுக்காவது உறுதியான பொருள் உண்டா? அதுவும் இல்லை. சிறு மூலக்கூறுகளை ஆலையில் இணைத்துக் கட்டும் பொலிஅல்பாஒலிபின், எஸ்ரர் ஆகிய திரவங்களுக்கே முன்பு அந்தப் பெயர் உரியதாக இருந்தது. பிறகு, கனிம எண்ணெயையே கடுமையாக ஐதரசன் ஏற்றிச் சுத்திகரித்து, மூன்றாம் தொகுதி என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதனைச் ‘சிந்தெற்றிக்’ என்று விளம்பரப்படுத்தலாமா என்று அமெரிக்காவில் மோபில் நிறுவனம் கஸ்ரோல் நிறுவனத்தின்மீது முறையிட்டது. 1999இல் அந்நாட்டின் விளம்பரத் தீர்ப்பு மன்றம் கஸ்ரோலின் பக்கமே நின்றது. ஜெர்மனியத் தயாரிப்பாளர் சிலர் இன்றும் அத்தகைய எண்ணெய்க்கு வேறு பெயரிட்டுப் பிரித்துக் காட்டுகிறார்கள். நம் கடைகளில் அந்தப் பிரிவினை கிடையாது. மூன்றாம் தொகுதி எண்ணெய் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நன்றாக உழைக்கும். ஆனால் ஒரு சொல்லுக்காக இரட்டிப்பு விலை கொடுப்பவன், அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை உள்ளவன்.

இனி நம் புலம்பெயர் உறவுகளின் பரிந்துரை. ரொறன்ரோவிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் அன்போடு சொல்கிறார்கள்: ‘நாங்கள் 75டபிள்யூ-90 செயற்கை எண்ணெய்தான் ஊற்றுகிறோம், நீங்களும் அதையே ஊற்றுங்கள்.’ அவர்களுக்கு அது மிகச் சரி. 75டபிள்யூ என்ற குறி, மறை 40 பாகை செல்சியசுக் குளிரிலும் எண்ணெய் இறுகிவிடாது என்பதற்கான உத்தரவாதம். கனடாவின் சனவரிக் காலையில் அந்த உத்தரவாதத்துக்கு விலையுண்டு. கிளிநொச்சியின் மார்கழிக் குளிரிலே, போர்வையைத் தேடுகிற விடியற்காலையிலுங்கூட அதற்கு வேலையில்லை. மறை 12 பாகை வரை தாங்கும் 85டபிள்யூவே இங்கே தேவைக்கு மிஞ்சியது. வன்னிக்காரன் அந்தக் கலனுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, தான் ஒருபோதும் காணப்போகாத பனிக்காலத்துக்குப் போகிறது.

அப்படியானால் செயற்கை எண்ணெயால் வன்னிக்குப் பயனே இல்லையா? உண்டு. அது குளிரில் அல்ல, வெப்பத்தில். எண்ணெயின் வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியியலாளரின் பழைய கணிப்பு. வவுனியாவில் பாரம் ஏற்றி, சித்திரை வெயிலில், கொதிக்கும் தார்வீதியில் பரந்தன் வரை நிற்காமல் ஓடும் லொறியின் பின்னச்சு கைவைக்க முடியாத சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் கனிம எண்ணெய் விரைவாகத் தடித்துக் கறுத்து ஒட்சியேற்றமடையும். செயற்கை எண்ணெய் அதே சூட்டில் நெடுங்காலம் தன் குணத்தைப் பேணும், சூட்டில் அதிகம் மெலியாமலும் இருக்கும். நடுத்தர லொறி ஒன்றின் பின்னச்சும் கியர்ப் பெட்டியும் சேர்ந்து பத்து லீற்றர் அளவில்தான் எண்ணெய் கொள்ளும். அந்தப் பத்து லீற்றருக்கு அதிக விலை கொடுத்து ஒரு வளையப் பற்சில்லையும் பினியனையும் காப்பாற்றினால் அது இலாபம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் பரவலாக மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய லொறியை உயிரோடு வைத்திருந்தவனுக்கே பிழைப்பு இருந்தது. 2022இல் ரூபா சரிந்தபோது உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்தவர்கள் இந்தக் கணக்கை என்னிடம் கற்கவேண்டியதில்லை.

ஆனால் அந்த இலாபத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. வாகனத்தின் கைந்நூல் விதித்த ஜீ.எல். இலக்கமும் தடிப்பும் மாறக்கூடாது. வடிக்கும் மூடியைத் திறக்குமுன் நிரப்பும் மூடி திறக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையேல் எண்ணெயை வடித்துவிட்டு ஊற்ற வழியின்றி நிற்க நேரிடும். காந்த மூடியில் ஒட்டியிருப்பது மாப்போன்ற துகளா, பல்லுடைந்த துண்டா என்று நோக்கவேண்டும். துண்டாயின், உலகத்தின் எந்த எண்ணெயும் அந்த அச்சைக் காப்பாற்றாது. மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் உள்ளழுத்தம் கூடி எண்ணெய்ச் சீல் கசியும். அந்தக் கசிவைப் பார்த்துவிட்டுச் ‘செயற்கை எண்ணெய் சீலை அரித்துவிட்டது’ என்று பழிபோடுவார்கள். பெரும்பாலும் அது புதிய கசிவை உண்டாக்குவதில்லை. பழைய எண்ணெயின் களியும் அழுக்கும் அடைத்து வைத்திருந்த கசிவையே வெளிப்படுத்துகிறது.

இனி உழவு இயந்திரத்துக்கு வருவோம். வன்னியின் முதுகெலும்பு அதுவே. இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் அது இல்லாமல் காலபோகம் இல்லை, சிறுபோகமும் இல்லை. போருக்குப் பின்னர் இந்திய அரசு வடக்கின் கமநல அமைப்புகளுக்கென 500 உழவு இயந்திரங்களை வழங்கியதும் அந்த அருமை தெரிந்துதான். அதற்கும் முன்னர், 2008இலும் 2009இலும் மன்னார்க் கரையிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஒரு சமூகம் முழுவதும் தன் கூரைத்தகட்டையும் நெல்மூடையையும் கிழவர்களையும் குழந்தைகளையும் ஏற்றி இழுத்தது உழவு இயந்திரப் பெட்டிகளில்தான். அச்சு முறிந்த இடத்தில் அந்தக் குடும்பத்தின் உடைமை முழுவதும் நின்றுபோயிற்று. பாரம் இழுக்கும் பொறி வன்னியில் வெறும் பொறியல்ல என்பதை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கவேண்டியதில்லை.

அந்தப் பொறியின் வயிறு வேறு விதமானது. நம்மூரில் பெருகிக் கிடக்கும் மசி பேர்குசன் வகை இயந்திரங்களில் கியர்ப் பெட்டி, பின்னச்சு, கலப்பையைத் தூக்கும் நீரியல் அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. அளவும் 30 லீற்றரைத் தாண்டும். எண்ணெயில் அமிழ்ந்த பிரேக் தட்டுகள் கொண்ட மாதிரிகளில் பிரேக்கும் அதே எண்ணெயை நம்பியிருக்கிறது. ஆகவே அதற்கு விதிக்கப்படுவது, பற்சில்லையும் பம்பையும் பிரேக்கையும் ஒருங்கே கவனிக்கும் தனிவகைப் பொது எண்ணெய். லொறியின் பின்னச்சுக்குரிய கடும் ஜீ.எல்.-5 செயற்கை எண்ணெயை அதற்குள் ஊற்றினால் பம்பு திணறலாம், பிரேக் அலறலாம், பிடிக்காமலும் போகலாம். நெல்மூடைப் பெட்டியைப் பின்னால் பூட்டிக்கொண்டு குளக்கட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்று விளம்பரத் தட்டி எழுதுவதில்லை.

வேறு காரணமும் உண்டு. சேற்றுழவில் அச்சளவு நீரில் நிற்கும் இயந்திரத்துக்குள் தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் புகும். எண்ணெய் பால்தேநீர் நிறத்துக்கு மாறும். தண்ணீர் புகுந்த எண்ணெய்க்குச் சாதி வேறுபாடு கிடையாது. விலையுயர்ந்த செயற்கை எண்ணெயும் மலிவான கனிம எண்ணெயும் அங்கே ஒன்றுபோலவே கெடும். அந்த இயந்திரத்துக்குத் தேவை நீடித்து உழைக்கும் எண்ணெயல்ல. அடிக்கடி மாற்றக்கூடிய எண்ணெய். முப்பது லீற்றர் செயற்கை எண்ணெயைக் கடன்பட்டு ஊற்றியவன், அது பால்நிறமான பின்னும் ‘விலை கொடுத்த எண்ணெயாயிற்றே’ என்று வடிக்க மனமில்லாமல் ஓட்டுவான். அங்கேதான் அழிவு. அந்தப் பணத்துக்கு இரண்டு சீலும், சரியான விதியுள்ள கனிம எண்ணெயும், அடுத்த போகத்தின் மாற்றலும் கிடைக்கும்.

இப்படிச் சொன்னதும் பழம்பெருமைக்காரர் எழுந்துநின்று, ‘அதைத்தானே நாங்களும் சொன்னோம்’ என்பார்கள். இல்லை ஐயா, நீங்கள் சொன்னது வேறு. 1990இல் தொடங்கி 2002 சனவரியில் நீங்கும்வரை நீடித்த பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் உரமும் மறுக்கப்பட்டன. சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கழிவு ஒயிலைத் துணியில் வடித்து மீண்டும் ஊற்றினோம். அது அறிவுக்கூர்மை, சந்தேகமில்லை. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்ததையும், பொறிகள் காலத்துக்கு முன்பே தேய்ந்ததையும் சேர்த்தே நினைவுகூரவேண்டும். அது விருப்பமல்ல, தண்டனை. தண்டனைக் காலத்தில் கற்ற கைப்பழக்கத்தை நிரந்தரத் தரமாக உயர்த்துவது, தடை விதித்தவனின் வேலையை நாமே தொடர்வதாகும்.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். செயற்கை எண்ணெயின் வரலாறும் ஒரு முற்றுகையில்தான் வேகம் பெற்றது. இரண்டாம் உலகப் போரில் பெற்றோலியம் போதாத ஜெர்மனி, தன் வேதியியலாளரை ஏவி எஸ்ரர்களிலிருந்து மசகுத் திரவங்களைச் செய்வித்தது. அவர்கள் கையில் ஆய்வுகூடமும் ஆலையும் இருந்தன. நம் கையில் தென்னைமரமும் துணித்துண்டும் இருந்தன. நெருக்கடி ஒன்றுதான். அவர்கள் அந்த நெருக்கடியிலிருந்து ஒரு தொழிலைக் கட்டினார்கள், நாம் ஒரு கதையைக் கட்டிக்கொண்டோம்.

மாற்றம் அளந்து நிகழவேண்டும் என்பதற்கு அண்மைய பாடமும் நம்முன் இருக்கிறது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே அறிவித்தலில் தடைசெய்து, அவ்வாண்டு முடியுமுன்னரே பின்வாங்கினார்கள். இயற்கை உரம் நல்லது என்ற சொல்லில் பிழையில்லை. எந்த மண்ணுக்கு, எந்தப் பயிருக்கு, எவ்வளவு காலத்தில் என்று கேளாமல் ஒரே சொல்லால் எல்லா வயலையும் மூடியதே பிழை. விளைச்சல் வீழ்ந்தபோது அந்த விலையைக் கொடுத்தது கமக்காரன். ‘சிந்தெற்றிக்’ என்ற ஒரே சொல்லால் எல்லா அச்சையும் மூடுவதும் அதே குணமுடையதுதான்.

வடித்த எண்ணெய் எங்கே போகிறது என்பதையும் கேட்காமல் விடமுடியாது. வேலிக்கட்டைக்குக் கறையான் வராமல் பூசுகிறோம், மிச்சத்தை மண்ணில் ஊற்றுகிறோம். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய்க்கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது. தீர்ப்பு வந்தது, கிணற்றுநீர் அதனால் தெளிந்துவிடவில்லை. செயற்கை எண்ணெயாயினும் கனிம எண்ணெயாயினும், பற்சில்லின் உலோகத்துகளைச் சுமந்து வெளிவரும் கழிவு நஞ்சுதான். நிலத்தடி நீரைக் குடிக்கும் ஊரில் அதைச் சேகரிக்க ஒரு பீப்பாயாவது ஒவ்வொரு கராஜிலும், அதை ஏற்றிச்செல்ல ஒரு ஒழுங்காவது ஒவ்வொரு பிரதேச சபையிலும் இருக்கவேண்டும்.

ஆகவே கேட்கவேண்டியவர்களிடம் கேட்கிறேன். உராய்வுநீக்கிச் சந்தையைக் கவனிக்கும் பொறுப்பு இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. அப்படியிருக்க, வன்னிக் கமக்காரன் வாங்கும் கலனில் ‘பின்னச்சுக்கு’, ‘கியர்ப் பெட்டிக்கு’, ‘உழவு இயந்திரத்தின் பொது எண்ணெய்’ என்ற மூன்று தொடர்களைத் தமிழில் அச்சிடச் செய்வது அவ்வளவு பெரிய காரியமா? லீசிங்கில் வாகனம் கொடுப்போர் தவணை அட்டையைத் தமிழில் அச்சிடத் தெரிந்தவர்கள். எந்தப் பெட்டிக்கு எந்த எண்ணெய் என்ற ஒரு தாளையும் அதனோடு இணைக்கலாமே! முகவர்களுக்கும் ஒரு சொல்: கலனில் உள்ள இலக்கத்தை வாசித்துக் காட்டாமல் விற்கும் ஒவ்வொரு லீற்றரும் நம்பிக்கைத் துரோகம்.

வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியது குறுகியது. ‘இது சிந்தெற்றிக்கா?’ என்று கேட்காதீர்கள். ‘இது என் வாகனத்தின் எந்தப் பெட்டிக்கு, கைந்நூல் சொன்ன இலக்கம் இதில் எங்கே எழுதியிருக்கிறது?’ என்று கேளுங்கள். பீப்பாயிலிருந்து அளந்து தருவதை வாங்காதீர்கள், முத்திரை உடையாத கலனை வாங்குங்கள். லொறிக்காரர் அதிக விலை கொடுத்தும் வாங்கலாம், கணக்கு அவர் பக்கம் நிற்கிறது. உழவு இயந்திரக்காரர் அந்த விலையைச் சீலுக்கும் அடுத்த மாற்றலுக்கும் ஒதுக்கட்டும். கேள்வி சரியாக இருந்தால் விற்பவனும் சரியான கலனைத்தான் தட்டிலிருந்து எடுக்கவேண்டி வரும்.